மின்துளைப்பானும் அதனைக் கையாளும் முறையும்



மனிதன் பயின்ற கைத்தொழில்களுள் துளையிடுதல் மிகத் தொன்மையானது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகளில் சூதுபவளம், பளிங்கு முதலிய கற்களாற் செய்த மணிகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுட் சில துளையிட்டு முடிக்கப்பட்டவை. சில துளை பெறாமலேயே நின்றுவிட்டவை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே, கடினமான கல்லில் நூல் நுழையும் அளவு நுண்ணிய துளையிட வல்லோர் நம் நாட்டில் இருந்தனர் என்பதற்கு அவை சான்று.

நம் தச்சர்கள் கையாண்டு வந்த துரப்பணத்தைச் சிற்றூர்களில் உள்ள முதியவர்கள் கண்டிருப்பார்கள். வில்லின் நாணை ஒரு தண்டிற் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். அதன் அடியிலுள்ள கூர்முனை மரத்தைத் துளைக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆயினும் அக்கருவிக்கு ஒரு நற்குணம் இருந்தது. கை நின்றால் கருவியும் நின்றது. முனை எங்கேனும் சிக்கிக்கொண்டால் நாண் தண்டின்மேல் வழுக்கியது. தச்சருடைய மணிக்கட்டுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை.

பட்டறைகளில் 'டிரில்லிங் மெஷின்' என வழங்கும் மின்துளைப்பானிடம் இக்குணம் இல்லை. அலகு சிக்கினாலும் அதன் மோட்டார் முயற்சியைக் கைவிடுவதில்லை. முன்னிலும் மிகுந்த வலிமையோடு முறுக்குகின்றது. எங்கே நிறுத்துவது, எவ்வளவு அழுத்துவது என்னும் அறிவு முழுவதையும் கையாள்பவரே தரவேண்டியிருக்கிறது. இன்று இக்கருவி வீடுதோறும் வந்துவிட்டது. பள்ளிச் செயற்கூடத்திலும், கல்லூரி விடுதியிலும், ஒரு படத்தை மாட்டுவதற்காகக்கூட அதை இரவல் வாங்குகிறோம். ஆகையால் அதன் இயல்பைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நன்று.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1889-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளான்ச் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத்தால் இயங்கும் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். அது கையில் ஏந்தக் கூடியதன்று. கையிலேந்தும் துளைப்பானை 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த ஃபைன் நிறுவனம் செய்தது. இன்று நாம் காணும் கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் பிளாக், டெக்கர் என்னும் இருவர் அமைத்தவை. அவற்றுக்குக் காப்புரிமை கிடைத்தது 1917-இல்.

இனி அதன் உள்ளமைப்பைக் காண்போம். மின்கம்பியால் இயங்கும் துளைப்பான்கள் பெரும்பாலானவற்றில் தொடர்சுற்று மோட்டாரே இருக்கிறது. சுழலும் சுற்றுக்குக் கரித்துண்டுகள் இரண்டு உராய்ந்தவாறே மின்சாரத்தை ஊட்டுகின்றன. மோட்டார் மிக விரைவாகச் சுழலும். பற்சக்கரங்கள் அவ்விரைவைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கி அலகுக்கு அளிக்கின்றன. சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கியைப் போலவும் நடந்து, உள்ளே வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும் விசையொன்றைத் தனக்குள் உண்டாக்குகிறது என்று பௌதிகத்திற் படித்திருப்பீர்கள். விரைவாகச் சுழலும்போது எதிர்ப்பு மிகுதி, மின்னோட்டம் குறைவு. நாம் கருவியை அழுத்தி அதன் விரைவைக் குறைத்தாலோ, எதிர்ப்புக் குறைகிறது, மின்னோட்டம் பெருகுகிறது, சுற்றுகள் சூடேறுகின்றன. அவற்றைக் குளிர்விக்கும் காற்றாடியும் அதே தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே வெப்பம் மிகும் நேரத்திலேயே காற்றும் குறைந்துபோகிறது. உடல் எடையெல்லாம் சேர்த்து அழுத்துபவரின் கையில் மோட்டார் எரிந்துபோவதற்குக் காரணம் இதுவே. சற்று நேரம் கடுமையாக உழைத்த கருவியை உடனே நிறுத்தாமல், எடுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சுமையின்றி ஓடவிடுதல் வேண்டும். காற்றாடி தன் கடமையைச் செய்துவிடும்.

மோட்டார் எரிந்தால் பணத்தோடு போயிற்று. மின்சாரம் உடலில் ஏறினால் அவ்வாறன்று. இதைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. 500 வாட்டுத் துளைப்பானொன்று இரண்டு ஆம்பியருக்குச் சற்று மிகுதியான மின்னோட்டத்தைக் கொள்ளும். அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது மில்லி ஆம்பியர் அளவு, ஒரு நொடிக்கு மேல் மார்பின் வழியே பாய்ந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கிழந்து உயிர் பிரியக் கூடும். வியர்வையால் நனைந்த உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கும் இறங்கிவிடும். 230 வோல்ட்டு அதன் வழியே 230 மில்லி ஆம்பியரைச் செலுத்த வல்லது என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆபத்தை மிகுவிக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் என்பவர், தாமே முன்வந்த மனிதர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். மின்சாரம் ஏறிய பொருளைப் பற்றியிருக்கும் கை, எந்த அளவு மின்னோட்டம் வரையில் தன் விருப்பப்படி அதை விட்டுவிட முடியும் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். ஆடவர்க்குச் சராசரியாகப் பதினாறு மில்லி ஆம்பியர்; பெண்டிர்க்கு ஏறத்தாழப் பத்தரை. அதற்குமேல் தசைகள் இறுகிக்கொள்கின்றன. விட வேண்டுமென்று உள்ளம் நினைத்தாலும் விரல்கள் கேட்பதில்லை. மின்விசிறியைப் புறங்கையால் தொட்டவர் துள்ளி விலகிவிடக் கூடும். துளைப்பானையோ நாம் உள்ளங்கையால் சுற்றிப் பற்றியிருக்கிறோம். நம் சுட்டுவிரல் விசையின்மேல் இருக்கிறது. தசை இறுகினால் விசை மேலும் அழுந்துமே தவிர விடுபடாது.

வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பவர் பலர். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் எரிவதற்கு ஐந்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். மனிதனுக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஃபியூஸ் காப்பது கம்பிகளை, நம்மை அன்று. நம்மைக் காப்பதற்கென்று இருப்பது மின்கசிவுத் தடுப்பான். போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். முப்பது மில்லி ஆம்பியர் அளவு வேறுபாடு தோன்றினால், நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் ஒருவர் ஒரு கையால் மின்னேற்றமுள்ள கம்பியையும் மறு கையால் நடுநிலைக் கம்பியையும் பற்றினால், அவரும் ஒரு விளக்கே என்றுதான் அத்தடுப்பான் எண்ணிக்கொள்ளும். அதை நம்பித் துணிவு கொள்ளுதல் கூடாது.

உலோக உடலுடைய பழைய துளைப்பான்களுக்கு மும்முனைச் செருகி உண்டு. அதில் தடித்தும் நீண்டும் இருப்பது நிலத்தொடர்பு முனை, அதாவது 'எர்த்து'. செருகும்போது மற்றவற்றுக்கு முன்பாக அது தொடர்பு கொள்ளவேண்டும் என்பதற்காகவே நீளமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே கம்பி தளர்ந்து உலோக உடலைத் தொட்டால், மின்னோட்டம் அம்முனை வழியே நிலத்துக்குப் பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும். செருகி உடைந்துபோனால் கம்பி நுனிகளைச் சீவி, தீக்குச்சிகளை அணைகொடுத்து மின்துளைகளில் திணித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு செய்வோர் இரண்டு கம்பிகளையே திணிப்பர். பச்சை நிறமுள்ள மூன்றாவது கம்பியை மடித்து ஒதுக்கிவிடுவர். கருவியும் முன்போலவே ஓடும். ஒன்றும் குறைந்ததாகத் தோன்றாது. ஒதுக்கப்பட்டது உயிர்க்காப்பு என்பது, உள்ளே கம்பி தளரும் நாளில்தான் தெரியவரும்.

இக்காலத்துத் துளைப்பான்கள் பல இரட்டை மின்காப்பு உடையவை. சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி அவற்றின் பெயர்ப்பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு நிலத்தொடர்பு தேவையில்லை. இருமுனைச் செருகியே போதும். ஆயினும் உள்ளே தண்ணீர் புகுந்தால் எந்தக் காப்பும் காப்பாகாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்வதும், சுவரிலிருந்து ஒழுகும் நீருக்கு அடியில் கருவியைப் பிடிப்பதும் எக்காலத்தும் விலக்கத்தக்கவை.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டதைக் கண்டால் ஓடிச்சென்று அவரைத் தொடாதீர்கள். முதலில் மின்விசையை அணைக்க வேண்டும், அல்லது செருகியைப் பிடுங்க வேண்டும். அதற்கு வழியில்லையேல், உலர்ந்த பலகையின்மேல் நின்றுகொண்டு உலர்ந்த மரக்கோலால் தள்ளிவிட வேண்டும். மூச்சில்லையானால் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, மருத்துவ உதவி வரும்வரையில் நிறுத்தாமல் செய்தல் வேண்டும்.

இனி அலகுக்கு வருவோம். 'பிட்' என்று கடைகளிற் கேட்டு வாங்கும் இம்முறுக்கலகின் வடிவத்துக்கு 1863-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான ஸ்டீபன் மோர்ஸ் என்பவர். தந்திக் குறிகளைக் கண்ட மோர்ஸ் வேறு, இவர் வேறு. முறுக்கலகின் நுனியில் வெட்டும் விளிம்புகள் இரண்டு உள்ளன. பொதுவான வேலைக்குரிய அலகில் அவ்விரண்டுக்கும் இடையே 118 பாகைக் கோணம் இருக்கும். விளிம்புகள் உலோகத்தைச் சீவச் சீவ, அச்சீவல் பக்கத்திலுள்ள திருகு பள்ளத்தின் வழியே மேலேறி வெளியேறுகிறது. விளிம்புகளுக்கு நடுவில், மிகச் சரியான மையத்தில், உளிமுனை போன்ற சிறு பகுதியொன்று உண்டு. அது வெட்டுவதில்லை, தேய்க்க மட்டுமே செய்கிறது. ஆகையினாலேதான் பெரிய துளை வேண்டுமாயின் முதலிற் சிறிய அலகால் வழித்துளை இடுகிறோம். உலோகத்தில் 'சென்டர் பஞ்ச்' கொண்டு ஒரு குழி பதித்த பின்னரே தொடங்குகிறோம். குழியில்லையேல் அலகு வழுக்கி ஓடிவிடும்.

கூருள்ள அலகுக்கு மிதமான அழுத்தமே போதும். அது தானே இறங்கும். இறங்கவில்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அலகு மழுங்கியிருக்கலாம், விரைவு பொருந்தாமலிருக்கலாம், சீவல் அடைத்திருக்கலாம். மேலும் அழுத்துவதால் இவற்றில் எதுவும் நீங்காது. இதற்கு நிலவுலகத்துக்கு வெளியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் சந்திரனின் தரையைத் துளைக்க மின்கலத்தால் இயங்கும் துளைப்பான் ஒன்றைக் கொண்டு சென்றனர். டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் எவ்வளவு முயன்றும், வெப்ப அளவீட்டுக்கான துளைகள் திட்டமிட்ட ஆழத்தை எட்டவில்லை. தண்டுகளை ஒன்றோடொன்று இணைத்த இடங்களில் திருகு பள்ளம் சரியாகத் தொடராமையால், கீழேயிருந்து வந்த தூள் மேலேற வழியின்றி அங்கேயே இறுகிவிட்டது. அடுத்த பயணத்துக்கு அவ்விணைப்புகளையே மாற்றி அமைத்தனர். நம் வீட்டுச் சுவரிலும் இரும்புப் பட்டையிலும் நிகழ்வது இதுவே. துளையின் ஆழம் அலகின் குறுக்களவைப்போல மூன்று மடங்கைக் கடந்துவிட்டால், அடிக்கடி அலகை வெளியே இழுத்துச் சீவலைக் கொட்டிவிட்டு மீண்டும் இறக்குதல் வேண்டும்.

விரைவைப் பற்றியும் ஒரு சொல். அலகு பெரிதாகப் பெரிதாக அதன் சுழற்சி குறைய வேண்டும். ஏனெனில் ஒரே சுழற்சியில் பெரிய அலகின் விளிம்பு மிகுந்த தொலைவு ஓடுகிறது. மென்னிரும்பைத் துளைக்க விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் ஓடுவது பொருத்தமென்று கொண்டால், 6 மில்லிமீட்டர் அலகுக்கு ஏறத்தாழ 1300 சுற்றும், 12 மில்லிமீட்டர் அலகுக்கு 650 சுற்றும் வரும். மரத்துக்கு இதனினும் விரைவு வேண்டும். இரும்பைத் துளைக்கையில் சில துளி எண்ணெய் இடுவது நல்லது. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டா. சீவல் இரண்டு பள்ளங்களிலும் ஒரே அளவாகச் சுருண்டு வருமானால் அலகு செம்மையாக இருக்கிறதென்று பொருள். ஒரு பக்கத்தில் மட்டும் வருமானால் விளிம்புகள் சமமாகத் தீட்டப்படவில்லை. துளையும் அலகைவிடப் பெரிதாகிவிடும். கிறீச்சிடும் ஓசையும் புகையும் தோன்றினால் உடனே நிறுத்தி அலகைத் தீட்டுதல் வேண்டும். சூடேறிய அலகைத் தண்ணீரில் தோய்த்தல் கூடாது. சுவர் துளைக்கும் அலகின் கார்பைடு நுனி அதனால் வெடித்துவிடும்.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டிய நேரம், அலகு மறுபுறம் வெளிப்படும் நேரம். அதுவரையில் எதிர்த்துநின்ற உலோகம் சட்டென்று இல்லாமற் போகிறது. அழுத்திக்கொண்டிருந்த கை முன்னே பாய்கிறது. அலகின் விளிம்புகள் துளையோரத்தில் எஞ்சிய மெல்லிய உலோகத்தைக் கவ்விக்கொள்கின்றன. துளைக்கும் பொருள் சிறு தகடாயிருந்து, அதை ஒருவர் இடக்கையாற் பிடித்துக்கொண்டிருந்தால், தகடு அலகோடு சேர்ந்து காற்றாடி இறக்கையைப்போலச் சுழலும். அதன் ஓரம் கத்திக்கு ஒப்பானது. எவ்வளவு சிறிய பொருளாயினும் அதை 'வைஸ்' பிடியிலோ கிளாம்பிலோ இறுக்கிய பின்னரே துளைத்தல் வேண்டும். மெல்லிய தகட்டை இரு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து மூன்றையும் சேர்த்துத் துளைப்பது பட்டறைக்காரர்களின் நல்ல பழக்கம். முடிவு நெருங்குவதை ஓசையின் மாறுதல் அறிவிக்கும். அப்போது அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும். பெரிய கருவிகளுக்குப் பக்கப்பிடி ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவைப்பவர், அலகு சிக்கும் நாளில் மணிக்கட்டால் விலை கொடுக்க நேரும். விசையை அழுத்தியபடியே நிறுத்தும் சிறு பொத்தானையும், கையிலேந்தித் துளைக்கும்போது பயன்படுத்தாதிருப்பதே நலம்.

உடையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தோளில் தொங்கும் துண்டு, சேலைத் தலைப்பு, தாவணி, பின்னிய கூந்தல், கழுத்துச் சங்கிலி இவை யாவும் சுழலும் அலகுக்கு நூற்கண்டு போன்றவை. கையுறை காப்புத்தானே என எண்ணத் தோன்றும். சுழலும் கருவிக்கு முன்னே அது காப்பன்று. அலகு அதன் நூலிழையொன்றைப் பற்றினாலும் விரலையும் உடன் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். தலைக்குமேல் துளைக்கையில் தூள் நேரே கண்ணில்தான் விழும்.

சுவரைத் துளைக்குமுன் அச்சுவருக்குள் என்ன இருக்கிறதென்று சிந்திக்க வேண்டும். மின்பலகைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நேர்மேலும் நேர்கீழும் உள்ள பகுதிகளை விட்டுவிடுவது நல்லது. கம்பிகளும் குழாய்களும் பெரும்பாலும் அவ்வழியேதான் செல்கின்றன. தூளின் நிறத்தையும் நோக்கிக்கொண்டே இருங்கள். சாம்பல் நிறமானால் சிமெண்டுப் பூச்சு, சிவந்தால் செங்கல். தூள் ஈரமாக வந்தாலும், அலகு உலோகத்தில் உரசும் ஓசை கேட்டாலும், அக்கணமே நிறுத்துதல் வேண்டும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டுமே சுத்தியல் இயக்கத்தைப் பயன்படுத்தலாம். மரத்துக்கும் இரும்புக்கும் பளிங்கு ஓட்டுக்கும் அது ஆகாது. கான்கிரீட்டுத் தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. நாளெல்லாம் இவ்வேலை செய்வோர் முகமூடியின்றிச் செய்தல் தகாது.

மின்கலத்தால் இயங்கும் துளைப்பான்கள் இப்போது பெருகிவிட்டன. அவற்றின் மின்னழுத்தம் பன்னிரண்டோ பதினெட்டோ வோல்ட்டுத்தான். கருவியிலிருந்தே மின்தாக்குதல் நேருமென்ற அச்சம் இல்லை. முறுக்கும் வலிமையோ சிறிதும் குறைந்ததன்று. அலகு மாற்றுமுன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். கம்பியுள்ள கருவியானால் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. 'சக்' என்னும் கவ்வியைத் திறக்கும் சாவியை மின்கம்பியில், செருகிக்கு அருகிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். செருகியைப் பிடுங்கினாலன்றிச் சாவி கவ்வியை எட்டாது. சாவியைக் கவ்வியிலேயே மறந்துவிட்டு விசையை அழுத்துவதும் நேராது.

பராமரிப்பு பெரிய வித்தையன்று. மின்கம்பி கருவிக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். கம்பியைப் பிடித்துக் கருவியைத் தூக்குவதாலும், கருவியின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதாலும் அவ்வாறாகிறது. நைந்த கம்பிக்கு மேலே நாடா ஒட்டுவது தீர்வாகாது, மாற்றிவிடுவதே முறை. நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தினால் உருளையிலிருந்து முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருளாகவே இருந்தால் அதன் வெப்பம் வெளியேறாது. காற்றுத் துளைகளில் படிந்த தூளை, வேலை முடிந்தவுடன் உலர்ந்த தூரிகையால் அகற்ற வேண்டும். இரும்புத்தூள் உள்ளே சேர்ந்தால் மின்சாரத்துக்கே வழியாகிவிடும்.

கரித்துண்டுகள் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. காற்றுத் துளை வழியே நோக்கினால் உள்ளே சிறு நீலப்பொறிகள் தெரியும், அது இயல்பு. பொறி வளையம்போலச் சுற்றிவந்தாலோ, கருவி விட்டுவிட்டு ஓடினாலோ, கரி தேய்ந்துவிட்டதென அறியலாம். மூன்றில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும்போது, அந்தக் கருவிக்குரிய அளவில் புதியவற்றை வாங்கி இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சமமாக இராது. புதிய கரியின் முகம் தட்டையாகவும், அது உராயும் பரப்பு வளைவாகவும் இருப்பதால், சில நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு அது வளைவுக்கேற்பப் படிந்த பின்னரே கருவியை வேலைக்கு எடுக்க வேண்டும்.